கல்லூரியின் முகப்பைத் தாண்டிப் பார்ப்பது எப்படி?

(பிளஸ் டூ முடித்த மாணவர்களும் பெற்றோரும் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு நடக்கிறது. மே மாதம் ரிசல்ட் வருகிறது. பொறியியல் கலந்தாய்வு சூடு பிடிப்பது ஜூலையில். ஆனால் தமிழ்நாட்டில் ஏராளமான குடும்பங்கள் ஏப்ரலிலேயே கல்லூரியை முடிவு செய்துவிடுகின்றன. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுப் பிள்ளை வீடு திரும்புவதற்குள் அப்பாவுக்கு போன் வந்துவிடுகிறது. "சார், பையனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் ஒண்ணு இருக்கு. இந்த வாரம் அட்வான்ஸ் கட்டிட்டா கன்செஷன் உண்டு, அடுத்த வாரம்னா சொல்ல முடியாது." அன்றே நகை அடகுக்குப் போகிறது. பையனின் மதிப்பெண் இன்னும் வரவில்லை, ரேங்க் தெரியாது, அந்தத் துறையில் பாடம் நடத்த எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் தெரியாது. ஒன்றரை சென்ட் மனை வாங்குவதென்றால் வில்லங்கச் சான்று எடுத்து, மூலப்பத்திரம் கேட்டு, வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிற அதே அப்பா, மகனின் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு போன் பேச்சை நம்பிவிடுகிறார்.

கல்லூரிகளைப் பற்றிய உண்மை எங்கோ ஒளிந்து கிடக்கவில்லை. அதில் பெரும்பகுதி பொதுவெளியில் இருக்கிறது. சட்டம் கேட்டதால் கல்லூரிகளே எழுதிக் கொடுத்த தாள்களில் இருக்கிறது. மிச்சம் வளாகத்துக்குள் ஒரு வேலை நாளில் நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க வேண்டியது கல்லூரியின் பெயரை அல்ல, பிள்ளை சேரப்போகும் துறையை. இந்த உரை அதைத்தான் வலியுறுத்துகிறது. பேச்சு பெரும்பாலும் பொறியியலைச் சுற்றியே போகும். பணமும் பதற்றமும் ஏமாற்றமும் அங்கேதான் அதிகம்.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. ஒற்றைச் சாளர முறைக் கலந்தாய்வு 1997இல் தொடங்கியது. 2006இல் இயற்றிய சட்டத்தால் நுழைவுத் தேர்வு போய், பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோலானது. 2018 முதல் கலந்தாய்வு ஆன்லைன். அதற்கு அடுத்த ஆண்டு நடத்தும் பொறுப்பு அண்ணா பல்கலைக்கழகத்திடமிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு மாறியது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். 69 சதவீத இடஒதுக்கீட்டோடு, அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இவ்வளவு வெளிப்படையான சேர்க்கை முறை இந்தியாவில் பல மாநிலங்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. இதைக் கைவிட்டுவிட்டு ஏப்ரல் போன் அழைப்புக்குப் பணிவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை ஒவ்வொரு வீடும் உணர வேண்டும்.

ஆன்லைன் வந்த பிறகு ஒரு புதிய ஆபத்தும் முளைத்திருக்கிறது. முன்பெல்லாம் கிண்டிக்குக் குடும்பத்தோடு போய், பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எந்தத் துறையில் எத்தனை இடம் மிச்சம் என்று பார்த்துவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போது விருப்பப் பட்டியல் தயாரிக்க வேண்டும். சாய்ஸ் ஃபில்லிங் என்கிறார்கள். எத்தனை கல்லூரி, எத்தனை துறை வேண்டுமானாலும் போடலாம், வரிசைதான் உயிர். மென்பொருள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வரும். அந்த மாணவரின் ரேங்குக்கும் பிரிவுக்கும் எந்த இடம் முதலில் காலியாகத் தென்படுகிறதோ, அங்கே நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள எதையும் பார்க்காது.

இதை ஒரு எடுத்துக்காட்டில் பார்க்கலாம். 178 கட்-ஆஃப் வைத்திருக்கும் மாணவி ஒருத்தி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் இன்னும் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். "நிச்சயம் கிடைக்கிறத முதல்ல போடுங்க, பெரிய காலேஜை எல்லாம் கீழே போட்டுக்கலாம்" என்கிறார் கணினி முன் இருப்பவர். வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி முதலிடத்துக்குப் போகிறது. அவள் மனதார விரும்பிய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் சிவில் ஏழாவது இடத்தில். ஒதுக்கீடு வரும்போது முதலிடத்தில் இருந்த பக்கத்துக் கல்லூரியே கிடைக்கிறது. கோவையில் அவள் ரேங்குக்கு இடம் இருந்திருந்தாலும் அது அவளுக்கு வராது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கலாமே என்றால், அந்த வசதி பட்டியலில் கிடைத்த இடத்துக்கு மேலே இருப்பவற்றுக்கு மட்டுமே பொருந்தும். முதலாவதைப் பெற்றவளுக்கு மேலே எதுவும் இல்லை. ஆகவே கிடைக்குமா கிடைக்காதா என்ற யோசனையை ஓரமாக வைத்துவிட்டு, ஆசைப்படுவதை ஆசைப்படும் வரிசையிலேயே போட வேண்டும். நிச்சயம் கிடைப்பது கடைசியில் காவலுக்கு நிற்கட்டும். சென்ற ஆண்டு எந்தத் துறை எந்தப் பிரிவில் எத்தனை மதிப்பெண் வரை போனது என்ற விவரம் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கிறது. ஆனால் பிளஸ் டூ மதிப்பெண்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதால், அதைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரிசையைப் பதிவு செய்து பூட்டுவதற்கு முன் கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் பாடக் குறியீட்டையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்ப்பது நல்லது. ஒரே பெயரில் தொடங்கும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் ஏராளம். ஒரே அறக்கட்டளை இரண்டு மூன்று கல்லூரிகளை நடத்தும். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் எண் 2006. நீலாம்பூரில் இருக்கும் பி.எஸ்.ஜி. கல்லூரி வேறு, அதன் எண்ணும் வேறு. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பாடம் உதவி பெறும் பிரிவாக ஒன்று, சுயநிதிப் பிரிவாக இன்னொன்று என இரண்டு வரிகளில் இருக்கும். கட்டணம் இரண்டுக்கும் வேறு வேறு. ஆங்கிலத்தில் எஸ்.எஸ். என்ற இரண்டே எழுத்துதான் பெயரில் வித்தியாசம்.

அடுத்து, எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி: "பிளேஸ்மென்ட் எப்படி?"

பைபாஸ் சாலையோர விளம்பரப் பலகையில் ஒரு மாணவரின் படமும் ஆண்டுக்கு 40 லட்சம் என்ற தொகையும் இருக்கும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஒருவர் தன் முயற்சியால் வாங்கிய உண்மையான சம்பளமாகவே இருக்கலாம். அவரோடு படித்த மற்றவர்களைப் பற்றி அந்தப் பலகை எதுவும் சொல்வதில்லை என்பதுதான் பிரச்சினை. "1,200 ஆஃபர்" என்று எழுதியிருந்தால் 1,200 மாணவர்களுக்கு வேலை என்று பொருளல்ல. ஒருவருக்கு மூன்று நிறுவனங்கள் ஆணை கொடுத்தால் அது மூன்று ஆஃபர். கடிதம் கையில் கிடைப்பதும் வேலையில் போய் உட்காருவதும் வேறு என்பதை 2022இல் படிப்பு முடித்த பிள்ளைகள் அனுபவித்தார்கள். வளாகத் தேர்வில் எடுத்த சில பெரிய ஐ.டி. நிறுவனங்கள் அவர்களை மாதக்கணக்கில், சிலரை இரண்டு ஆண்டு வரைகூடக் காத்திருக்க வைத்தன.

உண்மைக் கணக்கைப் பார்க்க ஒரு வழி உண்டு. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளியாகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2019 முதல் ஒட்டுமொத்தப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பெற்றோருக்குப் பயன்படுவது அந்த வரிசை எண்ணைவிட, அதற்காகக் கல்லூரிகள் சமர்ப்பிக்கும் விவரத் தாள். அதைத் தங்கள் இணையதளத்திலும் கல்லூரிகள் போட்டு வைக்க வேண்டும். முகப்பில் இருக்காது, பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் தேடினால் கிடைக்கும். அதில் நான்காண்டு இளநிலைப் படிப்புக்கென்று ஒரு அட்டவணை: எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று வரிசையாக இருக்கும்.

இடைநிலைச் சம்பளம் என்பது வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. ஒரே ஒருவர் 40 லட்சம் வாங்கினாலும் அது அசையாது. எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைக் கல்லூரியை எடுத்துக்கொள்ளலாம். சேர்ந்தவர்கள் 600, குறித்த காலத்தில் முடித்தவர்கள் 400, வேலை பெற்றவர்கள் 240, இடைநிலைச் சம்பளம் 3.5 லட்சம். சேர்ந்த 600 பேரில் 200 பேர் அரியரோடு நிற்கிறார்கள் அல்லது இடையில் போய்விட்டார்கள். வேலை கிடைத்தது ஐந்தில் இரண்டு பேருக்கு. அவர்களிலும் பாதிப் பேருக்கு மாதம் 30 ஆயிரத்துக்கும் குறைவு. விளம்பரப் பலகையில் இதே கல்லூரி வேறு முகம் காட்டும். அட்டவணையை மூன்று ஆண்டுகளுக்கு எடுத்துப் பார்த்தால் கல்லூரி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் புரிந்துவிடும். என்.ஐ.ஆர்.எஃபில் பங்கெடுக்காத கல்லூரி என்றால், ஏன் பங்கெடுக்கவில்லை என்று நேரில் கேட்கலாம். கேட்பது பெற்றோரின் உரிமை.

அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுகிறது. அதையும் பார்க்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளை மட்டும் அந்தப் பட்டியலோடு ஒப்பிடக் கூடாது. அவை வினாத்தாளையும் தாமே தயாரித்து, விடைத்தாளையும் தாமே திருத்துகின்றன. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். நல்ல ஆசிரியர்கள் கையில் தன்னாட்சி ஒரு வரம். பாடத்திட்டத்தை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள். ஆசிரியர் பலம் இல்லாத இடத்தில் அதே தன்னாட்சி, தேர்ச்சி விகிதத்தை ஊதிக் காட்டும் வசதியாகவும் மாறிவிட முடியும்.

ஆசிரியர்கள் என்று வரும்போது, 2024 ஜூலையில் வெளியான ஒரு செய்தியைத் தமிழ்நாட்டுப் பெற்றோர் மறக்கவே கூடாது. அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் உள்ள 200க்கும் அதிகமான பொறியியல் கல்லூரிகளில், 350க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியாளர்களாகக் கணக்கு காட்டப்பட்டிருந்ததை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆதாரங்களோடு வெளியிட்டது. ஒரே ஆசிரியர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் பட்டியலில் இருந்தார். பல்கலைக்கழகம் விசாரணையில் இறங்கியது. கல்லூரி ஆய்வுக்குக் குழு வரும் நாளில் பேரேட்டில் ஆசிரியர் இருப்பார். மறுநாள் வகுப்பில் நாற்காலி காலியாக இருக்கும். அப்படிப்பட்ட வகுப்பறையில் நான்கு ஆண்டு உட்கார்ந்து எழுந்த பிள்ளையைப் பார்த்து, "நீ ஒழுங்காப் படிக்கல" என்று வீடு திட்டுவதைப் போன்ற கொடுமை இல்லை.

இதைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர் வேண்டும். ஒரு துறையில் ஆண்டுக்கு 120 இடம் என்றால் நான்காண்டுக்கு 480 மாணவர்கள். கணிதம், இயற்பியல் ஆசிரியர்களின் பங்கையும் சேர்த்து 24 பேர் தேவை. ஒவ்வொரு கல்லூரியும் கட்டாய வெளிப்படுத்தல் என்ற பெயரில் ஆசிரியர் பட்டியலை இணையதளத்தில் வெளியிட வேண்டும். பெயர், படிப்பு, பணியில் சேர்ந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். சேர்ந்த தேதியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். துறையில் பாதிப் பேர் சென்ற ஜூன், ஜூலையில் சேர்ந்தவர்களாக இருந்தால், அந்தத் துறையில் யாரும் நிலைப்பதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஒரே துறையில் இருக்கும் நாலைந்து பேர் தென்பட்டால் அது நல்ல அறிகுறி. ஒரு துறையைத் தாங்கிப் பிடிப்பவர்கள் அவர்கள்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகு நேரில் போக வேண்டும். கல்லூரியே அழைக்கும் திறந்தவெளி நாளில் வேண்டாம். அன்று கம்பளம் விரித்திருக்கும், எல்லா லேபிலும் விளக்கு எரியும். சாதாரண வேலை நாளில், மதியம் இரண்டு மணி போல, அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போனால் போதும். வொர்க்‌ஷாப்பில் லேத் மெஷினுக்கு அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று கவனிக்கலாம். பளபளவென்று துடைத்து வைத்த மெஷின் ஓடாத மெஷினாகவும் இருக்கக் கூடும். ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் தொங்கும் லாக் புக்கில் கடைசியாக எந்தத் தேதியில் கையெழுத்து விழுந்திருக்கிறது என்று பார்க்கலாம். வெளியே வந்து டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம், "தம்பி, இந்த லேப்ல கடைசியா நீங்களே கையால செஞ்ச எக்ஸ்பரிமென்ட் எது?" என்று கேட்க வேண்டும். "காலேஜ் நல்லா இருக்கா?" என்ற கேள்விக்கு எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சட்டென்று வந்தால் லேப் நடக்கிறது. அவர் யோசிக்க ஆரம்பித்தால் ரெக்கார்டு நோட்டு மட்டும்தான் நடக்கிறது.

நாக், என்.பி.ஏ. என்னும் தர அங்கீகாரச் சான்றுகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 1994இல் தொடங்கிய நாக், கல்லூரி முழுவதற்கும் ஒரே தரம் கொடுக்கும். என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகக் கொடுக்கும். ஒரு கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு என்.பி.ஏ. இருக்கும், புதிதாகத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுத் துறைக்கு இருக்காது. வாசலில் மட்டும் பொதுவாக எழுதியிருக்கும். எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேட்பது அவசியம். 2025 பிப்ரவரியில், சாதகமான தரம் பெறுவதற்காக லஞ்சம் கொடுத்த வழக்கில் நாக் ஆய்வுக் குழுவில் இருந்தவர்களையே சி.பி.ஐ. கைது செய்தது. அதனால் சான்றை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம், அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒரு விஷயத்தில் மட்டும் அதற்கு நேரடிப் பணமதிப்பு உண்டு. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கடனில் படிக்கும் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம், தனியார் கல்லூரியைப் பொறுத்தவரை நாக் அல்லது என்.பி.ஏ. அங்கீகாரம் இருந்தால்தான் கிடைக்கும்.

இனி, எந்தப் படிப்பு?

வீடுகளில் நடக்கும் உரையாடல் ஊருக்கு ஊர் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. "அப்பா, நான் சிவில் எடுக்கட்டுமா?" "சிவிலா? அதைப் படிச்சிட்டு வெயில்ல நிக்கப் போறியா? எல்லாரும் கம்ப்யூட்டர்தான் எடுக்கிறாங்க." ஒரு காலத்தில் இதே அப்பாக்கள் எலக்ட்ரானிக்ஸ் என்றார்கள், பிறகு மெக்கானிக்கல் என்றார்கள். 2001 வாக்கில் டாட்காம் சரிவு வந்தபோது கம்ப்யூட்டர் படித்து முடித்தவர்கள் வேலையின்றி நின்றதை அன்றைய மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு துறையில் ஒரே ஆண்டில் கூட்டம் குவிந்தால், அந்தக் கூட்டம் நான்கு ஆண்டு கழித்து ஒரே வாசலில் போய் நிற்கும். 2024-25இல் ஏ.ஐ.சி.டி.இ. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை நீக்கிவிட்டது. கட்டமைப்பும் ஆசிரியரும் இருந்தால் எத்தனை இடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஆனதும், கல்லூரிகள் கம்ப்யூட்டர் சார்ந்த இடங்களைக் கூட்டின. சிவில், மெக்கானிக்கல் இடங்களைக் குறைத்தன. இத்தனை கூடுதல் இடங்களுக்கும் தேர்ந்த ஆசிரியர்கள் ஒரே ஆண்டில் எங்கிருந்து வருவார்கள்?

கம்ப்யூட்டர் சயின்ஸை வேண்டாம் என்பதல்ல இந்தப் பேச்சு. கணக்கில் ஆர்வமும் பொறுமையும் உள்ள பிள்ளைக்கு அது அருமையான படிப்பு. ஆனால் நல்ல ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரியின் மெக்கானிக்கலையும், ஆசிரியரே இல்லாத கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸையும் எதிரெதிரே வைத்தால், தயங்காமல் முதலாவதைத்தான் எடுக்க வேண்டும். மெக்கானிக்கல் படிப்பவர் புரோகிராமிங்கைப் பக்கத்தில் கற்றுக்கொள்ள ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2021இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு போன்ற வழிகள் இன்று இருக்கின்றன. லேபையும் ஆசிரியரையும் அப்படி ஆன்லைனில் வாங்கிவிட முடியாது.

பலர் எட்டிக்கூடப் பார்க்காத இடங்கள் கலந்தாய்வுப் பட்டியலிலேயே இருக்கின்றன. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் பி.டெக். வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் இருக்கிறது. மின்சார வாகனங்களுக்கு பேட்டரி தேவைப்படும் இந்தக் காலத்தில், பேட்டரி ஆராய்ச்சியே நடக்கும் வளாகத்தில் படிக்கும் வாய்ப்பு அது. ஏ.சி. டெக் எனப்படும் கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பம், கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சுத் தொழில்நுட்பம் இருக்கின்றன. ராணிப்பேட்டையும் ஆம்பூரும் சிவகாசியும் இருக்கும் மாநிலத்தில் இவற்றுக்குத் தேவை இருக்கத்தானே செய்யும்? பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் தொடங்கும்போதே மோட்டாரும் பம்பும் தயாரிக்கும் தொழிற்கூடத்தின் அருகில்தான் அமைந்தது. தொழிற்பயிற்சியோடு சேர்ந்த ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பும் அங்கே உண்டு. ஓராண்டு கூடுதல் என்று அதை ஒதுக்குபவர்கள், அந்த ஓராண்டில் கைக்கு வரும் தொழிலைக் கணக்கில் எடுப்பதில்லை. காரைக்குடி, சேலம், திருநெல்வேலி, பர்கூர் போன்ற அரசுப் பொறியியல் கல்லூரிகளின் கட்டணம் தனியாரில் கட்டுவதில் ஒரு சிறு பங்குதான். ஊர் தூரம் என்பதற்காக அவற்றை விட்டுவிடுவது வருத்தம் தருகிறது.

கலை, அறிவியல் படிப்புக்குப் போகிறவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. பட்டத்தின் பெயரைச் சரிபார்க்க வேண்டும். புதுப்புதுப் பெயர்களில் பட்டப்படிப்புகள் வருகின்றன. எந்தப் பட்டம் எதற்கு இணை, எது இணையல்ல என்று தமிழ்நாடு அரசு அவ்வப்போது அரசாணை வெளியிடுகிறது. மூன்றாண்டு படித்து முடித்துவிட்டு, டி.என்.பி.எஸ்.சி. அல்லது ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில் "இது இணையான பட்டம் இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. சேரும் முன்பே அரசாணையைக் கேட்டுப் பார்த்துவிடலாம். கணிதத்தில் தீவிரமான பிள்ளைக்கு, சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம் உலகத் தரத்தில் இளநிலைப் படிப்பு நடத்துகிறது என்ற செய்தியே பல பள்ளிகளுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு.

பெண் பிள்ளை என்றால் முடிவு தூரத்தை வைத்து எடுக்கப்படுகிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940இல் மின்பொறியியல் சேர்ந்த ஏ. லலிதாவை இங்கே நினைக்க வேண்டும். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். மருத்துவம் படித்தால் இரவிலும் அழைப்பு வரும், பொறியியல் என்றால் வேலை நேரத்துக்கு வரையறை உண்டு, மகளையும் வளர்க்க முடியும் என்று தன் வாழ்க்கையை முன்னால் வைத்து யோசித்துப் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவருடைய அப்பா சுப்பா ராவ், பெண்களே இல்லாத வளாகத்தில் மகளுக்காக அனுமதி பேசி வாங்கினார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவராகப் பட்டம் பெற்று, பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தல் பணிக்கும் வரைபடம் போட்டார். எண்பது ஆண்டு கழித்தும், "பொம்பளப் பிள்ளை, பஸ்ல போய் வர்ற தூரம்னா போதும்" என்று ஒரு நல்ல கட்-ஆஃபை வீணாக்குவது நியாயமே இல்லை. காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் கல்லூரிப் பேருந்தில் போகும் பெண், ஆண்டுக்கு 180 வேலை நாள் என்று வைத்தால்கூட 720 மணி நேரத்தைச் சாலையில் இழக்கிறாள். நல்ல விடுதி உள்ள அரசுக் கல்லூரி இதைவிடப் பாதுகாப்பானது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு, 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்துவிட்டது.

பணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் மறைக்காமல் பேசிவிட வேண்டும். சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்த தொகை, அங்கீகாரம் பெற்ற பாடத்துக்கு ஆண்டுக்கு 55,000 ரூபாய், பெறாததற்கு 50,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முறையே 87,000, 85,000. குழு வகுக்கும் தொகைக்கு மேல் நன்கொடை வாங்குவதை 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்கு வெளியே, தங்கள் கட்டணத்தில் நடப்பவை. எங்கே சேர்ந்தாலும் விடுதி, பேருந்து, தேர்வு, பயிற்சி என்று வெவ்வேறு பெயர்களில் வரும் தொகைகளை எழுத்தில் வாங்கி, நான்காண்டுக்கும் கூட்டிப் பார்க்க வேண்டும். கல்விக் கடன் 4 லட்சம் வரை சொந்தப் பங்கு கேட்காமலும், ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமலும் கிடைக்கும். எதிர்பார்க்கும் முதல் சம்பளத்தில் மாதத் தவணை எவ்வளவு போகும் என்பதை, விவரத் தாளில் பார்த்த இடைநிலைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், விளம்பரப் பலகையை வைத்து அல்ல.

மதிப்பெண் குறைந்துவிட்டது என்று தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் இந்த அரங்கில் இருப்பார்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டுத்தான் பொறியியல் பட்டத்துக்கு வந்தார். பிறகு திருச்சியில் எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். டிப்ளமோ படித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர, காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி தனிக் கலந்தாய்வே நடத்துகிறது. மோசமான ஒரு கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு லட்சங்களைக் கட்டுவதைவிட, நல்ல அரசு பாலிடெக்னிக் எத்தனையோ மடங்கு மேல்.

கடைசியாக, ஏப்ரலிலேயே பணம் கட்டிவிட்டு இங்கே வந்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கட்டிவிட்டோமே என்று கலந்தாய்வை விட்டுவிட வேண்டாம். விண்ணப்பம் போடுங்கள், விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யுங்கள். இதைவிட நல்ல இடம் கிடைத்தால் போய்விடலாம். ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி, அறிவித்த கடைசித் தேதிக்குள் சீட்டை ரத்து செய்தால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் செய்யக் கூடாது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கையும் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ரத்து விண்ணப்பத்தை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். இழுத்தடித்தால் அந்த ஒப்புகையோடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திலும் ஏ.ஐ.சி.டி.இ. குறைதீர்ப்புப் பிரிவிலும் புகார் கொடுக்கலாம். ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்குத்தான் இந்த வழி எதுவும் உதவாது. இனி யாரிடம் பணம் கட்டினாலும், ரசீது கையில் வந்த பிறகு இருக்கையை விட்டு எழுந்திருங்கள்.